நான் அடைத்த வென்டிலேட்டர்



போன வாரம் பேத்தியைப் பார்க்கச் சென்னை போயிருந்தேன். சென்ட்ரலில் இறங்கி மாப்பிள்ளை வண்டி எடுத்துவரும் வரை ரிப்பன் மாளிகைக்கு எதிரில் அரை மணி நேரம் நின்றேன். நல்ல வெயில். அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, நீண்ட நாளாக உங்களிடம் சொல்ல நினைத்துத் தள்ளிப்போட்ட ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ரிப்பன் மாளிகை. சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழையது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அதற்குச் சொந்தமாக இப்படி ஒரு கட்டடம் வந்தது 1913-இல்தான். 1909 டிசம்பரில் வைஸ்ராய் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். வரைபடம் போட்டவர் ஹாரிஸ். கட்டியவர் நம் லோகநாத முதலியார். செலவு ஏழரை லட்சம் ரூபாய். உள்ளாட்சிக்கு 1882-இல் வழி திறந்துவிட்ட ரிப்பன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். இதெல்லாம் பொது அறிவுக் கேள்வி. எனக்கு வேண்டியது சுவர்.

செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர். தேக்கு உத்தரத்தின் மேல் தளம். உயரமான கூரை, வளைவு வைத்த தாழ்வாரம், மேலே காற்று வெளியேற வழி. மின்விசிறியையும் விளக்கையும் நம்பி யாரும் கட்டடம் கட்டாத காலத்துப் பழக்கம் அது. சென்னைத் தெருவில் 1895-லேயே மின்சார டிராம் ஓடிவிட்டது என்றாலும், அலுவலகம் கட்டுகிறவர்கள் வெயிலையும் காற்றையும்தான் முதலில் கணக்குப் பார்த்தார்கள். தாழ்வாரம் இருந்தால் வெயில் சுவரைத் தொடாது. கூரை உயரமாக இருந்தால் சூடு தலைக்கு மேலே போய்விடும். வென்டிலேட்டர் இருந்தால் அந்தச் சூடு வெளியே போய், கீழே ஜன்னல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். கோபுரத்துக் கடிகாரம்கூட சாவி கொடுத்து ஓடும்படி வைத்ததுதான்.

அதற்காக "அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது" என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து அலுவலகங்களில் துரைமாருக்குக் காற்று வந்தது பங்காவில் இருந்து. அறைக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்து நாள் முழுக்கக் கயிறு இழுப்பார். அவருக்கு வியர்த்ததை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

நம் ஊருக்கு வருவோம். நான் 1981-இல் ஆசிரியர் பயிற்சி முடித்து நகராட்சிப் பள்ளியில் சேர்ந்தபோது, தலைமையாசிரியர் அறையில் மட்டும் ஒரு குண்டு பல்பு. வகுப்பறைகளில் ஒயரே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், கனத்த சுவர், ஒவ்வொரு அறையிலும் மேலே இரண்டு வென்டிலேட்டர். சித்திரை வெயிலிலும் மதியம் இரண்டு மணி வரை தாக்குப்பிடித்துவிடலாம். அதன் பிறகு தூங்குகிறவர்கள் தூங்குவீர்கள். (யார் யார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.)

பிறகு ஒயர் வந்தது, ட்யூப்லைட் வந்தது. 2004-இல் நான் தலைமையாசிரியை ஆனேன். மறு வருடம் ஒரு புண்ணியவான் எல்லா அறைக்கும் ஃபேன் வாங்கிக் கொடுத்தார். அப்போது எனக்கு ஒரு பெரிய தலைவலி புறா. வென்டிலேட்டரில் கூடு கட்டும், எச்சம் போடும், ஐப்பசி மழையில் அதன் வழியே சாரலும் அடிக்கும். ஃபேன்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு இந்த ஓட்டை என்று கொத்தனாரை வரவழைத்து, வடக்கு வரிசை நான்கு அறைகளில் எட்டு வென்டிலேட்டரையும் செங்கல் வைத்துப் பூசச் சொன்னேன். சுவரில் திருக்குறள் எழுத நல்ல இடம் கிடைத்தது என்று சந்தோஷம் வேறு.

அதற்குப் பின் அந்த அறைகளில் பகலிலும் ட்யூப்லைட் எரிந்தது. மேலிருந்து வந்த வெளிச்சத்தை நானே அடைத்துவிட்டேனே! ஃபேனும் நிற்காமல் ஓடியது. கூரைக்கடியில் சேர்ந்த சூடு வெளியே போக வழியில்லை. ஃபேன் அதைத் திரும்பக் கீழே தள்ளியது. இது எனக்கு அன்று உறைக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு "சூடான காற்று மேலே செல்லும்" என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவள்தான் நான்.

2012-இல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு இரண்டு மணி நேரம், நமக்கெல்லாம் பத்து மணி நேரத்துக்கும் மேல். மற்ற அறைகளில் எப்படியோ பாடம் நடந்தது. வடக்கு வரிசையில் மட்டும் பிள்ளைகள் வெந்தார்கள். ஒரு நாள் ஆறாம் வகுப்பில் ஒரு குழந்தை மயங்கி விழுந்தாள். வேப்பமரத்தடியில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். நான் அன்று மின்வாரியத்தைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன். கொத்தனாரை அனுப்பிய தலைமையாசிரியையைத் திட்டவில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவன் நம் பழைய மாணவன் ஒருவன். பெயர் சொல்லக்கூடாது என்று கட்டளை. எங்களிடம் எட்டாவது முடித்து, பின்னால் எலெக்ட்ரிகல் படித்து, எரிசக்தித் தணிக்கையாளராக இருக்கிறான். இப்படி ஒரு வேலையே நம் நாட்டில் புதிது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலை நான்கு மடங்கு ஏறியபோதுதான் உலகமே சிக்கனத்தைப் பற்றி யோசித்தது. இந்தியாவில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்து, அடுத்த வருடம் அதற்கென்று எரிசக்தித் திறன் பணியகம் என்ற மத்திய அமைப்பு உருவானது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அவர்கள்தான். ஆரம்பத்தில் ராஷ்டிரபதி பவன், எய்ம்ஸ் மருத்துவமனை போன்ற டெல்லி அரசுக் கட்டடங்களைத் தணிக்கை செய்து காட்டினார்கள். அரசாங்கம் தன் வீட்டை முதலில் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

2019-இல் நகராட்சிக் கட்டடங்களைப் பார்வையிட அவனுக்கு வேலை வந்தது. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. "டீச்சர், பள்ளிக்கூடம் வரைக்கும் வாங்களேன்" என்று கூப்பிட்டான்.

போனவுடன் விளக்கையும் ஃபேனையும் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது கரண்ட் பில். பன்னிரண்டு மாத பில். அப்போதைய தலைமையாசிரியை விழித்தார். நானும் விழித்தேன். பதின்மூன்று வருடம் தலைமையாசிரியையாக இருந்தும் அந்தப் பள்ளியின் கரண்ட் பில்லை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை! அது நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போகும், அங்கேயே கட்டிவிடுவார்கள். வீட்டில் "ஃபேனை அணைச்சுட்டு வாடா" என்று நாளுக்குப் பத்துத் தடவை கத்துகிறவள், பள்ளியில் ஒரு நாளும் கத்தியதில்லை. யோசித்துப் பார்த்தால் அவமானமாக இருந்தது.

பில் வந்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு அறையிலும் எத்தனை விளக்கு, எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று எழுதினான். பழைய 40 வாட் ட்யூப்லைட் உண்மையில் 40 வாட் இல்லை, சோக்கையும் சேர்த்தால் 55 வரை போகும் என்றான். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வருடத்துக்கு 220 நாள் என்றால் ஒரு விளக்குக்கு ஏறக்குறைய 73 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 20 வாட் எல்இடி போட்டால் 27 யூனிட்கூட ஆகாது. ஃபேன் பழையது 75 வாட், இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். பெரிய டப்பா ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். சுட்டது. "ஃபேனைக் குறைச்சு வெச்சா மிச்சம்னு நினைக்கிறோம். அதுல ஒரு பங்கு இப்படிச் சூடாவே போயிடுது டீச்சர்" என்றான்.

எனக்கு மிகவும் பிடித்தது அவன் செய்த இன்னொரு காரியம். மாலையில் பள்ளி பூட்டும்போது மீட்டரைக் குறித்துக்கொண்டான். மறுநாள் காலை திறக்கும் முன் மறுபடி குறித்தான். யாருமே இல்லாத இரவில் மீட்டர் தூங்கவே இல்லை. தண்ணீர் குளிரூட்டும் பெட்டியும் பின்பக்கத் தாழ்வார விளக்கும் ராத்திரி முழுக்க ஓடியிருக்கின்றன. வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள், செலவில்லாத சோதனை.

ஒரு வருடத்து யூனிட்டைக் கட்டடத்தின் சதுர மீட்டரால் வகுத்து ஓர் எண் எடுக்கிறார்கள். அதை வைத்து ஒரு கட்டடத்தை இன்னொன்றோடு ஒப்பிடலாம். எங்கள் பள்ளிக்கு வந்த எண் நகராட்சி அலுவலகத்தைவிட மிகக் குறைவு. நான் பெருமையாகச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "பாதி ஃபேன் ஓடல டீச்சர். ஓடாத ஃபேனுக்குக் கரண்ட் எதுக்கு?" என்றான். குறைவாகச் செலவாவது வேறு, சிக்கனம் வேறு என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும் காகிதத்தில் அந்த எண் அழகாகத்தான் இருக்கும்.

கடைசியாக வடக்கு வரிசைக்கு வந்தோம். நடுப்பகல், விளக்கு எரிகிறது. வெளிச்சம் அளக்கும் கருவியை மேசையில் வைத்துவிட்டு மேலே பார்த்தான்.

"இங்க வென்டிலேட்டர் இருந்துச்சே டீச்சர்? நாங்க படிக்கும்போது சிட்டுக்குருவி வருமே. யார் அடைச்சது?"

"நான்தான்டா."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

திரும்பும் வழியில் அவன்தான் ஹாம்பர்க் கதையைச் சொன்னான். பிறகு நானும் தேடிப் படித்தேன். ஜெர்மனியில் உள்ள அந்த நகரத்திலும் இதே கதைதான். பள்ளிக்கு ஆகும் செலவை நகர நிர்வாகம் கட்டும், பள்ளியில் இருப்பவர்களுக்கு பில் தெரியாது. அங்கே குளிர் நாடு. அறையைச் சூடேற்றும் கருவி ஓடிக்கொண்டே இருக்கும், புழுக்கமாக இருக்கிறது என்று ஜன்னலையும் திறந்து வைப்பார்கள்! 1994-இல் அங்கே "பாதிக்குப் பாதி" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். புதுக் கருவி எதுவும் வாங்காமல், பழக்கத்தை மாற்றி மட்டும் ஒரு பள்ளி எவ்வளவு மிச்சம் பிடிக்கிறதோ, அதில் பாதிப் பணம் பள்ளிக்கே, மீதிப் பாதி நகரத்துக்கு. பிள்ளைகள் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற ஜெர்மன் நகரங்களும் பின்பற்றின. 2009-இல் பார்சிலோனா மாகாணம் முன்னின்று மற்ற ஐரோப்பிய நாடுகளின் பள்ளிகளுக்கும் கொண்டுபோனது.

எத்தனை எளிய யோசனை! நம் பள்ளியில் மிச்சம் பிடித்தால் எங்கள் கைக்கு ஒரு சாக்பீஸ்கூடக் கூடுதலாக வராது. வீணாக்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சுவிட்சு ஒரு இடத்தில், பில் இன்னொரு இடத்தில். நகராட்சியின் கரண்ட் செலவில் பெரும்பங்கு குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் போகிறது, பள்ளிக்கூடம் சின்னக் கணக்கு என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் குடிநீர் மோட்டாரை எந்தப் பிள்ளையாலும் அணைக்க முடியாது.

அவன் அறிக்கை கொடுத்தான். அதில் வென்டிலேட்டரைத் திறப்பதுதான் முதல் பரிந்துரை, செலவு மிகக் குறைவு என்பதால். கோப்பு தூங்கியது. பிறகு கொரோனா வந்தது. 2021 நவம்பரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தபோது, வகுப்பறையில் காற்றோட்டம் வேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள். அந்தச் சாக்கில் இப்போதைய தலைமையாசிரியை கோப்பைத் தூசி தட்டி எடுத்தார். கொத்தனார் வந்தார். எட்டில் ஆறு திறந்தாயிற்று. புறா வராமல் இருக்க வலை அடிக்க வேண்டும் என்றபோது அந்தச் செலவை நம் 1996 செட் மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மிச்சம் இரண்டுக்கு நேர் கீழே இப்போது புரொஜெக்டர் திரை மாட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் வந்தால் படம் தெரியாதாம். அதற்கு என்ன செய்வது என்று அவனிடம் கேட்டிருக்கிறேன்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். பதினொரு மணிக்கு ஆறாம் வகுப்பில் விளக்கு எரியவில்லை, திருக்குறள் இருந்த இடத்தில் வெளிச்சம் விழுந்தது.

2012-இல் மயங்கி விழுந்த அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அந்த வகுப்பில் அவளோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், டீச்சர் விசாரித்தாள் என்று அவளிடம் சொல்லுங்கள். தவறு கரண்டின் மேல் மட்டும் இல்லை என்பதையும் சொல்லுங்கள்.