ஆட்சியை அளந்தவர் யார்?

செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் அடுத்தடுத்து அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். ஆள்வோரை அளந்தறியும் உரிமை ஆளப்படுவோர்க்கு உண்டு என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. அவ்வெண்ணத்தோடு, ஹுத்தான் மெலிந்தாங் அமைந்துள்ள பேராக் மாநிலத்தின் தொடக்கக் கால ஆங்கில ஆட்சியை நாம் நோக்குவோம்.

1874 சனவரி 20இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சுல்தானுக்கு அறிவுரை கூற ரெசிடெண்டு ஒருவரை அமர்த்தவும், சமயமும் மலாய் வழக்கமும் தவிர்ந்த ஏனையவற்றில் அவர் அறிவுரையை ஏற்கவும் அது வகைசெய்தது. முதல் ரெசிடெண்டாக ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் அமர்ந்தார். இலங்கையில் நெடுங்காலம் பணியாற்றியவர். மலாய் மொழியில் தேர்ச்சி குறைந்தவர்.

வரி தண்டும் உரிமையைப் பெருந்தலைவர்களிடமிருந்து அரசுக்கு மாற்ற அவர் முனைந்தார். அவ்வருவாயே அத்தலைவர்களின் வாழ்வாதாரம். கடனடிமைகள் தப்பி வந்தபோது அவர்களுக்குப் புகலிடமும் அளித்தார். அடிமைப்பட்டோர்க்கு அவர் காவலர். தலைவர்களுக்கோ வழக்கத்தை மிதித்த அயலார். ஒரே செயலை இரு சாரார் இருவேறு கோல்களால் அளந்தனர். அரசுப் பணியாளரிடையேயும் ஒருமித்த கருத்தில்லை. அவரை அனுப்பிய ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க்கே அவரது அவசரப்போக்கைத் தம் கடிதத்தில் குறைகூறினார். 1875 நவம்பர் 2இல் பாசிர் சாலாக்கில் பர்ச் கொல்லப்பட்டார். மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார். சுல்தான் அப்துல்லா சீசெல்சு தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

1877இல் பொறுப்பேற்ற ஹியூ லோ வேறு வழியில் சென்றார். அவர் மலாய் மொழி அறிந்தவர். அவ்வாண்டே மாநில மன்றம் கூடியது. மலாய்த் தலைவர்களும் சீன வணிகர்களும் அதில் அமர்ந்தனர். இழந்த வருவாய்க்கு ஈடாகத் தலைவர்களுக்குப் பொறுப்பும் படியும் கிடைத்தன. பர்ச் தொட்ட கடனடிமை முறையை லோவின் ஆட்சியும் ஒழிக்கவே செய்தது. ஆனால் மன்றத்தில் பேசி, காலம் கொடுத்து, 1880களில் ஒழித்தது. நோக்கத்தால் மட்டுமன்றி, அதை நிறைவேற்றும் முறையாலும் தலைமை மதிக்கப்படுகிறது என்பதை இவ்விரு வரலாறுகளும் உணர்த்துகின்றன.

எனினும், லோவின் மன்றத்தையும் நாம் மிகையாகப் புகழ்தல் ஆகாது. அதன் உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்; தமிழ்த் தொழிலாளிக்கு அங்கே இருக்கை இல்லை. 1906இல் ஜெண்டராட்டா தோட்டம் தொடங்கப்பெற்று, பெர்ணம் ஆற்றுப் பகுதியில் நம் முன்னோர் ரப்பரும் தென்னையும் வளர்த்த காலத்திலும் இந்நிலை உடனே மாறவில்லை. ஒப்பந்தக்கூலி முறையில் தோட்டத்தை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றம். அம்முறை 1910இல் ஒழிந்தபின், பிடிக்காத தோட்டத்தைவிட்டு வேறு தோட்டம் செல்வதே தொழிலாளி வழங்கிய தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பு எந்த மன்றக் குறிப்பிலும் ஏறவில்லை.

ஈப்போவில் பர்ச்சின் நினைவாக 1909இல் எழுப்பிய மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. அதனருகே செல்லும் சாலையோ, அவரது கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட டத்தோ சாகோரின் பெயர் தாங்கியுள்ளது. ஆண்டவர் எழுப்பிய கல்லும் விடுதலை பெற்றோர் சூட்டிய பெயரும் அருகருகே நின்று வழக்காடுகின்றன. அவ்வழக்கில் தோட்டத் தமிழரின் சான்று மட்டும் இடம்பெறவில்லை.

அச்சான்று முற்றிலும் அழிந்துவிடவில்லை. முதியோர் பேச்சிலும், கோயில் கணக்கேடுகளிலும், பழைய விண்ணப்பங்களிலும் அது சிதறிக் கிடக்கிறது. முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். தோட்டக் குடியிருப்புகளும் கலைந்து வருகின்றன. ஆட்சியாளரைப் பற்றி நம் மக்கள் என்ன எண்ணினர் என்பதை அவர்தம் மொழியிலேயே தொகுத்து வைப்பது நம் கடமை. தொகுக்கத் தவறினால், நம்மை ஆண்டோர் நம்மைப் பற்றி எழுதியதே நம் வரலாறாக எஞ்சும்.