காத்திருந்தவர்கள் கண்ட வெனிஸ்

வெனிஸ் மாநகரத்தைப் பற்றிப் பேசுவோர் பலரும் ஒரு கதையை ஒரே மாதிரியாகச் சொல்லி முடித்துவிடுவதுண்டு: கீழ்த்திசை வாணிபத்தால் செழித்த அந்நகரம், வாணிபம் கைநழுவிய பிறகு வேறு வழியின்றி, வாழ்ந்து கெட்ட குடும்பம் தன் மாளிகையின் முன்கட்டை வாடகைக்கு விடுவதுபோல, வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் தன் அழகைக் காட்டிப் பிழைக்கத் தொடங்கிற்று என்பது அந்தக் கதை. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நகரத்துக்கு வந்துபோன யாத்திரிகர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்த பின் எனக்கு அதில் நம்பிக்கை இல்லாமற் போயிற்று. நம் மேலைக் கடற்கரை மிளகு அலெக்ஸாந்திரியாவின் வழியாக வந்து ரியால்ட்டோ அங்காடியில் குவிந்துகிடந்த அதே நாட்களில், கஜானா நிறைந்து வழிந்த காலத்திலேயே, வெனிஸ் தன்னைப் பார்க்க வந்தவனிடம் காசு வாங்கும் வித்தையைப் பழுதறக் கற்றிருந்தது.

அன்று எருசலேம் போக விரும்பிய ஐரோப்பியக் கிறிஸ்தவனுக்கு வெனிஸே தலைவாசல். ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து அவன் அங்கே வந்து சேர்வான். ஆனால் யாப்பா துறைமுகத்துக்குப் போகும் கப்பல் அவனுக்காக உடனே புறப்பட்டுவிடாது. வேனிற்காலத்துத் திருவிழாக்கள் முடிந்து, காற்றும் அனுகூலமாகி, கப்பலுக்குப் போதிய ஆட்களும் சேர்ந்த பிறகே பாய் விரியும். அதுவரை வாரக் கணக்கில், சில வேளை ஒரு மாதத்துக்கும் மேலாக, பாஷை தெரியாத ஊரில், கைப்பணத்தை எண்ணியெண்ணிச் செலவழித்துக்கொண்டு அவன் காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் காத்திருப்பை வெனிஸ் அரசு வெறுமனே விட்டுவிடவில்லை. யாத்திரிகருக்கு வழிகாட்டுவதற்கென்றே தொலொமாரி என்று பெயர்கொண்ட உத்தியோகஸ்தர்களை அரசே நியமித்து, சான் மார்க்கோ சதுக்கத்திலும் ரியால்ட்டோவிலும் நிற்கவைத்தது. தங்க இடம் காட்டுவதும், நாணயம் மாற்ற உதவுவதும், பயணத்துக்கு வேண்டிய பொருள்களை ஏமாறாமல் வாங்கித் தருவதும் அவர்கள் கடமை.

என்னென்ன வாங்க வேண்டும் என்பதை, 1458இலும் 1462இலும் எருசலேம் சென்றுவந்த வில்லியம் வே என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஊருக்குப் புறப்படும் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பரிவோடு எழுதியிருக்கிறார். கப்பலின் மேல்தட்டில் இடம் பிடித்துக்கொள். அடித்தட்டு வெக்கையும் நாற்றமும் தாங்க முடியாதது. தண்ணீருக்கும் திராட்சை மதுவுக்கும் பீப்பாய் வாங்கு. கூண்டு ஒன்று வாங்கி ஆறு கோழிகளை அதில் அடைத்துக்கொள். சான் மார்க்கோ ஆலயத்துக்கு அருகில் ஒரு வியாபாரி இருக்கிறான். அவனிடம் மூன்று டுகாட் பொற்காசு கொடுத்தால் இறகுப் படுக்கையும் மெத்தையும் தலையணையும் விரிப்பும் கிடைக்கும். திரும்பி வருகையில் அவற்றைக் கிழிந்து நைந்த நிலையில் கொண்டுவந்து கொடுத்தாலும் ஒன்றரை டுகாட்டுக்கு அவனே எடுத்துக்கொள்வான். அந்த மெத்தைக் கடைக்காரனின் பெயர் நமக்குத் தெரியவில்லை. பொருளை விற்றும், பாதி விலைக்குத் திரும்ப வாங்கியும், அடுத்த ஆண்டு வருகிறவனுக்கு மீண்டும் விற்றும் பிழைத்த அவனுடைய மூளையை, கீழ்த்திசைப் பட்டைக் கொண்டுவந்த பிரபுக்களின் மூளைக்குக் குறைவாக மதிப்பிட எனக்கு மனமில்லை.

இத்தகைய யாத்திரிகர்களில் மிகவும் சுவையானவர் உல்ம் நகரத்து டொமினிக்கன் துறவி ஃபெலிக்ஸ் ஃபாப்ரி. 1480ஆம் ஆண்டு முதன்முறை போனபோது புண்ணிய பூமியில் ஒன்பது நாள்கூட நிம்மதியாக நிற்க விடாமல் கப்பல்காரர்கள் திருப்பி அழைத்துவந்துவிட்டார்கள் என்ற ஏக்கத்தால், 1483இல் மறுபடியும் புறப்பட்டார். வெனிஸில் அவர் தங்கிய விடுதியை ஜெர்மானியர்கள் ‘புல்லாங்குழல்’ என்று அழைத்தார்கள்; முதலாளியும் அவர் மனைவியும் வேலைக்காரரும் எல்லாரும் ஜெர்மானியர், வீட்டுக்குள் இத்தாலியச் சொல் ஒன்றுகூடக் காதில் விழாது. அங்கே கறுப்பு நாய் ஒன்று இருந்தது. ஜெர்மன் தேசத்தின் எந்தப் பகுதியிலிருந்து எவன் வந்தாலும் வாலைக் குழைத்துத் துள்ளி வரவேற்குமாம். இத்தாலியனோ வேறு நாட்டானோ படியேறினால், பிச்சைக்காரனாயினும் பிரபுவாயினும், பாய்ந்து குரைக்குமாம். இதிலிருந்து இரு தேசத்தாருக்கும் உள்ள பகை இயற்கையானது என்று துறவியார் சித்தாந்தமே செய்துவிடுகிறார். விடுதிக்காரரின் வாடிக்கையாளர் யார் என்று அந்த நாய்க்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்றே நான் கொள்கிறேன்.

கப்பல் பிடிக்கும் காட்சி இன்னும் ரசமானது. சான் மார்க்கோ ஆலயத்தின் எதிரே, வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை எழுதிய இரண்டு கொடிகள் உயர்ந்த கம்பங்களில் பறந்தன. அவ்வாண்டு யாத்திரைக் கப்பல்கள் இரண்டு என்பதற்கு அதுவே அடையாளம். ஒவ்வொரு கொடியின் கீழும் ஒரு கப்பல் தலைவரின் ஆட்கள் நின்று, வருவோர் போவோரையெல்லாம் கூவி அழைத்தார்கள். தலைவர்களோ சாமானியர்கள் அல்லர். பியத்ரோ லாந்தோ, அகஸ்தினோ கொந்தாரீனி என்னும் அவ்விருவரும் வெனிஸின் உயர்குடிப் பிரபுக்கள். அந்தப் பிரபுக்கள், திருவிழாக் கூட்டத்தில் வண்டிச் சத்தம் பேசுகிறவர்களைப்போல, ஒருவரையொருவர் தூற்றிக்கொண்டு, ஜெர்மானிய யாத்திரிகர்களைத் தத்தம் கப்பலுக்கு அழைத்துப்போய், கிரேத்தா தீவு மதுவும் அலெக்ஸாந்திரியாவிலிருந்து வந்த இனிப்புப் பண்டங்களும் கொடுத்து உபசரித்தார்கள். கொந்தாரீனியின் கப்பலில் முன்பே போய்ப் பட்ட அனுபவம் ஃபாப்ரிக்கு இருந்தது. அவரும் கூட்டாளிகளும் லாந்தோவின் பெரிய கப்பலைத் தேர்ந்துகொண்டார்கள்.

பிறகு ஒப்பந்தம். நாள்தோறும் இருவேளை நல்ல உணவும் மதுவும் தர வேண்டும். காலையில் ஒரு சிறு கிண்ணம் மல்வாசியா என்னும் இனிப்பு மது தர வேண்டும். யாத்திரிகரின் கோழிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். அவர்கள் சொந்தமாகச் சமைக்க விரும்பினால் அடுப்பங்கரையில் இடம் விட வேண்டும். சைப்ரஸ் தீவின் காற்று உடம்புக்கு ஆகாதாகையால் அங்கே அதிக நாள் தங்கலாகாது. புண்ணிய பூமியில் கட்ட வேண்டிய வரியும் கழுதை வாடகையும் கப்பல் தலைவரைச் சேர்ந்தவை. யாத்திரிகர் போகும் வழியிலேயே இறந்துபோனால் வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பித் தர வேண்டும், இறந்தவரின் உடைமையில் கைவைக்கலாகாது. இவ்வளவும் எழுதப்பட்டு, தோஜே என்னும் ஆட்சித் தலைவரின் அரண்மனையில் அதிகாரிகள் முன்னிலையில் கையெழுத்தாகி, யாத்திரிகரின் பெயர்கள் பெரிய ஏட்டில் பதிவாயின. இன்று பிரயாணக் கம்பெனிகள் அச்சிட்டுத் தரும் நிபந்தனைத் தாள்களில் கோழிக்கூண்டு இல்லையே தவிர, மற்றவை பெரும்பாலும் இருக்கின்றன.

கையெழுத்திட்ட பின்னும் கப்பல் நகரவில்லை. ஆகவே ஊர் சுற்றினார்கள். எகிப்திலிருந்து 828ஆம் ஆண்டில் திருட்டுத்தனமாகக் கொண்டுவரப்பட்ட புனித மாற்குவின் உடல், ஸக்கரியாவின் உடல், ஹெலெனாவின் உடல், லூசியாவின் உடல் என்று நாளுக்கொரு கோவிலாகத் தரிசித்து வந்தார்கள். லீதோ தீவில் புனித நிக்கோலாஸின் உடல் இருப்பதாகச் சொன்னார்கள். அதே உடல் தங்களிடம் இருப்பதாகப் பாரி நகரத்தாரும் சொன்னார்கள். காத்திருக்கும் யாத்திரிகனுக்கு அந்த வழக்கை விசாரிக்க அவசியமில்லை. தேவநற்கருணைப் பெருவிழா ஊர்வலத்தில் அயலூர் யாத்திரிகர் ஒவ்வொருவரும் வெனிஸ் பிரபு ஒருவருக்கு அருகில் நடக்கும் மரியாதை பெற்றார்கள். 1494இல் அங்கே காத்திருந்த மிலான் நகரத்துப் பாதிரியார் பியத்ரோ கஸோலா, இந்நகரத்தைப் பற்றிச் சான்றோர் எல்லாவற்றையும் எழுதிவிட்டபடியால் தமக்குச் சொல்ல ஒன்றும் மீதியில்லை என்று தொடங்கி, பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். வெனிஸைப் பற்றி எழுதுகிறவர்களின் வியாதி அன்றே பிறந்துவிட்டது. இதை எழுதுகிறவனும் அதற்கு விலக்கல்லன்.

ஃபாப்ரி புறப்பட்ட அதே 1483இல், கொந்தாரீனியின் கப்பலில் ஏறிய பிரைடன்பாக் என்னும் ஜெர்மானியச் செல்வர், எர்ஹார்ட் ரோய்விக் என்ற சித்திரக்காரரை உடன் அழைத்துச் சென்றிருந்தார். 1486இல் மைன்ஸ் நகரில் அச்சான அவருடைய யாத்திரை நூலில், பல தாள்களை ஒட்டி மடித்துவைத்த வெனிஸின் நெடிய மரச்செதுக்குப் படம் இருந்தது. விரித்தால் ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளும். வீட்டைவிட்டுக் கிளம்பாதவனும் இனி வெனிஸைப் பார்த்திருந்தான். கிளம்புகிறவனோ, தான் முன்பே படத்தில் கண்டதைச் சரிபார்க்கப் போகலானான்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்குக் கடல்வழி கண்டார்; மிளகுக்கு வேறு பாதை திறந்தது. யாத்திரிகரும் வரவரக் குறைந்தார்கள். ஆனால் விடுதிகள் வெறிச்சோடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சீமான்களின் பிள்ளைகள் கல்வி முடிக்கும் பொருட்டு வந்து, முகமூடித் திருவிழாவில் அலைந்து, ஊர் திரும்புகையில் கனலெத்தோ தீட்டிய நகரக் காட்சிகளை வாங்கிச் சென்றார்கள். ஜெர்மானியக் கவிஞர் கதே 1786 செப்டம்பரில் வந்தபோது முதலில் கண்ட கொந்தோலாப் படகு, தம் தந்தை இத்தாலியிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுப் படகை அவருக்கு நினைவூட்டிற்று. 1797இல் நெப்போலியன் முன் குடியரசு வீழ்ந்தது. 1846இல் கடற்கழியின்மேல் ரயில் பாலம் வந்தது. 1881இல் நீராவிப் படகு வந்து, கொந்தோலாக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வந்தவன் அன்றே போய்விடுவது அப்போதுதான் எளிதாயிற்று.

நகரத்தின் உண்மையான சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். காத்திருக்கிறவனுக்கு மெத்தை வேண்டும், பீப்பாய் வேண்டும், கோழி வேண்டும். காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறவனுக்கு ஒரு பாலமும் ஒரு புகைப்படமும் போதும். 1951இல் தீவுநகரில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் குடியிருந்தார்கள். இன்று ஐம்பதினாயிரம் பேர்கூட இல்லை. 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாட்களில், பகற்பொழுதுக்கு மட்டும் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள்; அவ்வாண்டில் அது தலைக்கு 5 யூரோவாக இருந்தது. ஊருக்குள் விடுதியில் ஓர் இரவேனும் படுத்துறங்குகிறவனுக்கு அந்தக் கட்டணம் கிடையாது.