15 நிமிடம் போதும்... வீட்டிலேயே கால் பிடித்து விடுவது எப்படி? கை வைக்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

முந்திரித் தோப்பில் நாள் முழுக்க குனிந்து நிமிர்ந்தவர், கட்டட வேலையில் கல் சுமந்தவர், ஜவுளிக் கடையில் காலையிலிருந்து நின்றபடியே புடவை விரித்துக் காட்டியவர், பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் கிரிவலம் சுற்றிவிட்டு கடைசி பஸ்ஸில் விழுப்புரம் திரும்பியவர். வீட்டுக்கு வந்ததும் இவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "காலை யாராச்சும் கொஞ்சம் அமுக்கி விட்டா தேவலை."

இதற்கு பார்லர், ஸ்பா என்று போக வேண்டியதில்லை. ஒரு ஸ்பூன் எண்ணெய், ஒரு துண்டு, 15 நிமிடம் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் சிலருடைய காலை அமுக்கும் முன் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். சிலருடைய காலை அமுக்கவே கூடாது. முழு விவரம் இதோ.

கால் ஏன் இப்படி வலிக்கிறது?

ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகள் இருக்கின்றன. குதிகாலில் தொடங்கி விரல்கள் வரை உள்ளங்காலின் அடியில் ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் பாதத்தின் வளைவைத் தாங்குவது இந்தப் பட்டைதான். மணிக்கணக்கில் நின்றால் அது இழுபட்டு நோக ஆரம்பிக்கும்.

இன்னொரு காரணம் ரத்த ஓட்டம். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவதில் கெண்டைக்கால் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நடந்தால் அந்தத் தசை சுருங்கி விரிந்து பம்பு மாதிரி வேலை செய்யும். அசையாமல் நின்றால் பம்பு ஓடாது. கால் கனத்துப் போவதும், சாயங்காலம் செருப்பு இறுக்குவதும் இதனால்தான்.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் தமிழக சட்டப்பேரவையில் சட்டத்திருத்தம் வந்ததன் பின்னணியும் இதே கால்வலிதான். கேரளாவில் இதேபோன்ற திருத்தம் 2018-லேயே வந்துவிட்டது.

சித்த மருத்துவம் சொல்லும் 'தொக்கணம்'

நம்மூரில் இது புதுசு இல்லை. சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்து விடும் சிகிச்சைக்கு 'தொக்கணம்' என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அதில் 9 வகை சொல்கிறார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் நோய்க்குத் தக்கபடி இதைச் செய்வார்கள். வீட்டில் களைப்பு தீர கால் பிடித்து விட தடவல், பிடித்தல், லேசான அழுத்தல், அசைத்தல் ஆகியவையே போதும். முறுக்குவதும் வெடுக்கென்று இழுப்பதும் வீட்டு வேலை இல்லை.

தொடுவதில் என்ன கூச்சம்?

கால் விஷயத்தில் ஒரு தயக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. 'காலைப் பிடிப்பது' என்றாலே கெஞ்சுவது, தாழ்ந்து போவது என்று அர்த்தமாகிவிட்டது. மருமகள் மாமியாருக்கு அமுக்கி விடுவதும், பேரப்பிள்ளை தாத்தா காலில் ஏறி மிதிப்பதும் சகஜம். ஆனால் புருஷன் பொண்டாட்டி காலைப் பிடித்துவிட்டால் பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். சில வீடுகளில் மனைவியே "ஐயோ, பாவம் வந்து சேரும், விடுங்க" என்று காலை இழுத்துக்கொள்வார்.

இந்தச் சிரிப்பைப் பற்றி விழுப்புரம் மாவட்டத்திலேயே ஒரு கதை உண்டு. வானூர் வட்டத்தில், ஆரோவில்லுக்கு அருகே உள்ள இரும்பையில் மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். இங்கே தவம் இருந்த கடுவெளிச் சித்தரைப் பற்றி தல வரலாறு இப்படிச் சொல்கிறது: திருவிழாவில் ஆடிய நடன மங்கையின் காலில் இருந்து சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் தடைபடக் கூடாது என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். ஒரு துறவி பெண்ணின் காலைத் தொடுவதா என்று ஊர் கேலி செய்தது. மனம் நொந்த சித்தர் பாட, சிவலிங்கம் வெடித்துச் சிதறியது. பிறகு மன்னர் மன்னிப்புக் கேட்க, மீண்டும் பாடி ஒன்று சேர்த்தார் என்கிறது கதை. இன்றும் அந்த லிங்கம் செம்புத் தகட்டால் கட்டப்பட்ட நிலையிலேயே இருக்கிறது.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் காலைத் தொட வெட்கப்படுவதில் ஒரு நிஜமான ஆபத்து இருக்கிறது. யாரும் தொடாத காலை யாரும் பார்ப்பதும் இல்லை.

சுகர் இருக்கிறதா? முதலில் கண், அப்புறம் கை

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. பல வருஷமாக சுகர் உள்ளவர்களுக்கு கால் நரம்புகள் மெல்ல உணர்ச்சி இழக்கும். முள் குத்தினால் தெரியாது. செருப்பு கடித்தால் தெரியாது. சுடு தண்ணீர் சுட்டால்கூட தெரியாது. வலிக்காததால் கவனிக்க மாட்டார்கள். சின்னப் புண் சீழ் பிடித்து, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போவது இப்படித்தான்.

வயதானவர்களுக்கு குனிந்து தன் உள்ளங்காலைப் பார்ப்பதே கஷ்டம். பார்வையும் மங்கியிருக்கும். அதனால் கால் பிடித்து விடுபவர்தான் அவர்களுக்குக் கண். எண்ணெய் தொடும் முன் நல்ல வெளிச்சத்தில் இவற்றைப் பாருங்கள்:

• உள்ளங்காலில் வெட்டு, கொப்புளம், முள், கறுத்த இடம் இருக்கிறதா?
• விரல் இடுக்கில் ஊறிப்போன வெள்ளைத் தோல், சேற்றுப்புண் இருக்கிறதா?
• குதிகால் வெடிப்பு ஆழமாகி ரத்தம் கசிகிறதா?
• நக ஓரம் சிவந்து வீங்கியிருக்கிறதா?
• ஒரு கால் மட்டும் சூடாகவோ, நிறம் மாறியோ இருக்கிறதா?

இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு மசாஜ் கிடையாது. புண்ணில் மஞ்சள், காபித்தூள், எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடி, தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

உணர்ச்சி இருக்கிறதா? 1 நிமிட சோதனை

இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். சுகர் உள்ளவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு வினாடி, இறகு பட்ட மாதிரி லேசாகத் தொடுங்கள். இரண்டு காலிலும் கட்டை விரல், நடு விரல், சுண்டு விரல் என மொத்தம் 6 இடம். தட்டவோ அழுத்தவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் அவர் சொல்ல வேண்டும்.

6-ல் 2 அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் சொல்லி பாதப் பரிசோதனை செய்ய வேண்டும். அப்படிப்பட்ட காலில் பலமாக அழுத்துவது ஆபத்து. "வலிக்குதா?" என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

இவர்களுக்கு கால் அமுக்கக் கூடாது

• ஒரு பக்க கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால்: உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும் ஆபத்து உண்டு. உடனே ஆஸ்பத்திரி. கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.
• நரம்பு சுருட்டிக்கொண்டவர்கள்: வெரிகோஸ் வெயின் புடைத்திருக்கும் இடத்தில் அழுத்தம் கூடாது.
• சுளுக்கு, எலும்பு முறிவு சந்தேகம், காய்ச்சலோடு கால் சிவந்து வீங்கியிருப்பது: டாக்டர் பார்க்கும்வரை கை வைக்க வேண்டாம்.
• யானைக்கால் வீக்கம்: தினமும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காலை உயர்த்தி வைப்பதுதான் அடிப்படை பராமரிப்பு. வீட்டில் அமுக்க வேண்டாம்.
• கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்: டாக்டரிடம் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

ஸ்டெப் பை ஸ்டெப்: 15 நிமிட கால் மசாஜ்

1. கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை துடையுங்கள். தண்ணீரின் சூட்டை அமுக்கி விடுபவர்தான் தன் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

2. உட்காருங்கள். அவர் சாய்ந்தோ படுத்தோ இருக்கட்டும். நீங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன் மேல் அவர் காலை வையுங்கள். குனிந்தபடி அமுக்கினால் அடுத்த அரை மணியில் உங்கள் முதுகு வலிக்கும்.

3. எண்ணெய். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எது இருந்தாலும் ஒரு ஸ்பூன் போதும். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய பிறகு காலில் தடவுங்கள். விரல் இடுக்கில் வேண்டாம். அங்கே பிசுபிசுப்பு நின்றால் புண் வரும்.

4. தடவல். இரண்டு உள்ளங்கைகளாலும் விரலில் இருந்து கணுக்கால் வரை மெதுவாக 5, 6 முறை நீவுங்கள். முதலில் கால் தளர வேண்டும்.

5. அசைத்தல். ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மறு கையால் பாதத்தை வலம் 5, இடம் 5 என்று மெல்லச் சுழற்றுங்கள்.

6. உள்ளங்கால். இரண்டு கட்டை விரல்களாலும் குதிகாலில் இருந்து விரல் வரை கோடு போடுவது மாதிரி அழுத்திக்கொண்டே போங்கள். பாதத்தின் வளைவில் மூடிய கை முட்டியால் மெல்ல உருட்டலாம். அதிக நேரம் இங்கேதான் செலவிட வேண்டும்.

7. விரல்கள். ஒவ்வொரு விரலையும் அடியில் பிடித்து, உருட்டி, நுனி வரை லேசாக இழுத்து விடுங்கள். சொடுக்கு எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

8. குதிகால், கெண்டைக்கால். குதிகாலை உள்ளங்கையால் பிடித்துப் பிடித்து விடுங்கள். பிறகு கணுக்காலில் இருந்து முழங்காலுக்குக் கீழ் வரை, கீழிருந்து மேலாக நீவுங்கள்.

9. முடிப்பு. மறுபடி 4, 5 முறை நீவிவிட்டு, துண்டால் எண்ணெயை முழுசாகத் துடைத்து எடுங்கள். எண்ணெய்க் காலோடு பாத்ரூமுக்குப் போய் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால், மசாஜ் செய்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

ஒரு காலுக்கு 7 நிமிடம் கணக்கு. "வலிச்சாத்தான் வேலை செய்யுது" என்பது தப்பு. இதமான அழுத்தம் போதும். முகம் சுளித்தால் உடனே குறைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு ரப்பர் பந்தை உள்ளங்காலுக்கு அடியில் வைத்து முன்னும் பின்னும் உருட்டலாம். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் சுளீர் என்று வலித்தால், ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலை துணி சுற்றி உருட்டுவது இதம் தரும். உணர்ச்சி குறைந்த காலுக்கு இந்த ஐஸ் முறை கூடாது. சில வாரங்களாகியும் வலி தீரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

இதையெல்லாம் நம்பாதீர்கள்

உள்ளங்காலில் இந்த இடத்தை அழுத்தினால் கிட்னி சரியாகும், அந்த இடத்தை அழுத்தினால் சுகர் இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் படம் வரும். ரிஃப்ளெக்ஸாலஜி நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எண்ணெய் தேய்த்தால் உடம்பில் உள்ள நச்சு பாதம் வழியாக வெளியேறும் என்பதும் அப்படித்தான். கால் பிடித்து விட்டால் தசை தளரும், களைப்பு குறையும், தூக்கம் நன்றாக வரலாம். அதற்கு மேல் எதிர்பார்த்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும்போது காலில் உள்ள புண்ணையும், உணர்ச்சிக் குறைவையும் சொல்லுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ல் பேசலாம்.

தினமும் அமுக்கி விட நேரம் இல்லை என்றால் வாரம் இரண்டு நாள் போதும். ஆனால் வீட்டில் சுகர் உள்ளவர் இருந்தால், பாதத்தைப் பார்ப்பது மட்டும் தினமும் நடக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. யாருக்கு முதலில் என்று குழப்பமா? இன்றைக்கு உங்கள் வீட்டில் அதிக நேரம் நின்றுகொண்டே இருந்தது யார் என்று யோசியுங்கள். பெரும்பாலும் அது அடுப்படியில் நின்றவராகத்தான் இருக்கும்.