நம் ஊர் வீடுகளில் வேட்டைக் கருவிகள்: வைத்த இடமும் காத்த முறையும்



நம்மில் பலருக்குக் காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பூர்வீக வீடு இருக்கிறது, அல்லது இருந்தது. பங்கு பிரிக்கும்போது பாத்திரம், நிலைக்கதவு, தூண் வரை கணக்கு எழுதிவிடுகிறோம். பரணில் கிடக்கும் வளைந்த கட்டை, துருப்பிடித்த ஈட்டிமுனை, பழைய மான்கொம்பு ஆகியவை மட்டும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. சில முனீஸ்வரன் கோயில் வீதிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. சில எடைக்குப் போகின்றன. மீதி, சாக்கில் கட்டி நம் ஃப்ளாட் லாஃப்டுக்கு வந்து சேர்கின்றன. இவை ஒரு காலத்தில் வீட்டில் எங்கே, எப்படி இருந்தன என்பதைத் தெரிந்துகொண்டால், இப்போது என்ன செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும்.

வளைந்த கட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது வளரியாக இருக்கலாம். வளைதடி என்றும் சொல்வார்கள். பிறை வடிவம், ஒரு முனை கனம், மறுமுனை மெலிந்து கைப்பிடிபோல் இருக்கும். பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரம், சில இரும்பு. மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேலே சில சுற்றுச் சுழற்றி, குறி பார்த்து வீசுவார்கள். முயல், காட்டுக்கோழி போன்றவற்றை அடிக்க உதவியது, சண்டையிலும் உதவியது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங்குக்கு இதைச் சொந்தக்காரன் என்றே சொல்லலாம். அங்கேயும் வேட்டைக்கு எடுத்துப் போன கனமான பூமராங், வீசியவரிடம் திரும்பி வராத வகைதான்.

வளரியைப் பற்றி நேரில் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி. 1795 வாக்கில் மதுரையில் இருந்தபோது சின்ன மருதுவுடன் அவருக்கு நல்ல பழக்கம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று 1830-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கை தேர்ந்தவர் வீசினால் நூறு கெஜ தூரத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் கணக்கு. அதே வெல்ஷ் 1801-ல் மருது சகோதரர்களை எதிர்த்து வந்த படையிலும் இருந்தார். நமக்குப் பக்கத்துச் சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட அந்தப் படை ஒரு மாத அளவுக்கு முயன்று, முடியாமல் பின்வாங்கியது. அக்டோபர் முதல் தேதி வேறு வழியாக வந்துதான் காளையார்கோயிலைப் பிடித்தார்கள். அந்த மாதம் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

அடுத்து வந்தது ஆயுதக் கட்டுப்பாடு. 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ், பாளையக்காரர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிக்கை விட்டார். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் என்ற ஏற்பாடு வேரூன்றியது. காடும் சுருங்கி வந்தது. போர் இல்லை, வேட்டையும் குறைகிறது. அப்படியானால் வீடுகளில் இருந்த வளரிகள் எங்கே போயின?

இதற்குப் பதில் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் கிடைக்கிறது. தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். புதுக்கோட்டை சமஸ்தானத் திவான் எழுதிய ஒரு குறிப்பை அதில் சேர்த்திருக்கிறார். அதன் சாரம் இது: வளரி வீசுவதில் தேர்ந்தவர்கள் சமஸ்தானத்தில் இப்போது இல்லை, எப்போதாவது முயல் வேட்டைக்கு எடுப்பதோடு சரி. ஆனால் கள்ளர், மறவர் குடும்பங்களில் மற்றப் பழைய ஆயுதங்களோடு அது பூஜையறையில் வைத்துக் காக்கப்படுகிறது. ஆயுத பூஜை அன்று வெளியே எடுத்துச் சுரண்டித் துடைத்துச் சுத்தம் செய்கிறார்கள். முடிந்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். கல்யாணத்தில் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் அதே நூல் சொல்கிறது.

இதைப் பக்தி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். பேங்கில் பல வருஷம் இருந்தவன் கண்ணுக்கு இது நல்ல கஸ்டடி முறையாகத் தெரிகிறது. நகைக்கடன் பைகளைப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. இடம் குறித்திருக்க வேண்டும், சாவி பொறுப்பானவர் கையில் இருக்க வேண்டும், அவ்வப்போது பையை எடுத்துப் பதிவேட்டோடு சரிபார்க்க வேண்டும். வளரிக்கு மூன்றுமே இருந்தன. இடம் பூஜையறை, குழந்தைகள் விளையாட்டுக்குத் தொட முடியாத இடம். பொறுப்பு வீட்டுப் பெரியவர். சரிபார்க்கும் நாள் ஆயுத பூஜை.

பொருளுக்கும் அது நல்லதாகவே அமைந்தது. இரும்பைத் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்தால் ஈரக்காற்று நேரே படாது, துரு தள்ளிப்போகும். மரத்தை வருஷத்துக்கு ஒரு தடவை கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் வண்டு துளைத்த பொடி உடனே கண்ணில் படும். தரையில் கிடக்காமல் உயரத்தில் இருந்ததால் கரையானும் எளிதில் அண்டாது. மகர்நோன்பு அன்று சுவாமி அம்பு விடுவதைப் பார்த்துவிட்டு வருகிற வீட்டில், அந்த வாரமே துடைத்து வைத்த ஆயுதமும் இருந்தது. நம் ஊர் மகர்நோன்புப் பொட்டல் என்ற பெயரே அந்த விழாவினால் வந்ததுதான்.

பரணுக்குப் போன பொருள்களின் கதை வேறு. பார்க்க ஆளில்லை, எடுக்க நாளில்லை. வலையும் கண்ணியும் எலிக்குப் போயின. தோல் உறைக்குள் செருகி வைத்த கத்தி அந்த உறையின் ஈரத்திலேயே துருவேறியது. அதைவிடப் பெரிய நஷ்டம், இது யாருடையது, எதற்கானது என்று சொல்லக்கூடியவர் போன பிறகு, நல்ல வளரியும் வெறும் கட்டையாகிவிட்டது. வவுச்சர் இல்லாத என்ட்ரி மாதிரி, பொருள் இருந்தும் கணக்கில் சேராது.

சட்டம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். நான் காமர்ஸ் படித்தவன், வக்கீல் அல்ல. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது லைசென்ஸோடு சில வேட்டைகளுக்கு இடம் இருந்தது. 1991 திருத்தம் அதையும் நிறுத்தியது. எனவே வேட்டைக் கருவி இனி நினைவுப் பொருள் மட்டுமே. மான்கொம்பு, புலித்தோல், தந்தம் வேறு வகை. தாத்தா காலத்தது என்பதனால் மட்டும் அது நமக்குச் சட்டப்படி சொந்தமாகிவிடாது. வைத்திருப்பவர்கள் அறிவிக்க 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். சான்றிதழ் பெற்றவர், வேண்டாமென்றால் வனத்துறையிடம் தாமாக ஒப்படைக்க 2022 திருத்தம் வழி செய்திருக்கிறது; அதற்குப் பணம் கிடைக்காது. சான்றிதழ் இல்லாத கொம்பு வீட்டில் இருந்தால் வக்கீலிடமும் வனத்துறையிடமும் கேட்டு முடிவு செய்வதே நல்லது. விற்கவோ, சொந்தக்காரருக்குப் பரிசாகக் கொடுக்கவோ கூடாது. பழைய குழல் துப்பாக்கி கிடைத்தால், சுடாது என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல் காவல் நிலையத்தில் விசாரிக்க வேண்டும். பேங்க் லாக்கரிலும் ஆயுதம் வைக்க அனுமதி இல்லை. நூறு வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பவும் தொல்பொருள் சட்டம் இடம் தராது.

வேட்டையை விட்டதனால் ஊர் எதையும் இழந்துவிடவில்லை. திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-லிருந்து பறவைகள் சரணாலயம். வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பதில்லை. கருவியைப் பூஜையறையில் வைத்துப் பறவையைக் கண்மாயில் வாழவிட்டது நம் சீமைதான்.

இனி நம் ஃப்ளாட் விஷயம். நம் லாஃப்ட்கள் பெரும்பாலும் குளியலறைக்கும் சமையலறைக்கும் மேலே இருக்கின்றன. ஈரமும் ஆவியும் அங்கேதான் அதிகம். மரமும் இரும்பும் அங்கே வேண்டாம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்த்துவிடும்; பருத்தித் துணி போதும். உலர்ந்த அறையில், வெளிச்சுவரை ஒட்டாமல், கூர்முனையை மூடி, பூட்டுள்ள அலமாரியில் உயரமான தட்டில் வையுங்கள். பாலீஷ், வார்னிஷ் போட்டுப் புதிதாக்க வேண்டாம். பழைய கைத்தடயம் போய்விடும். தூண்டில், டென்ட், பேட் போன்ற இன்றைய சாமான்களுக்கும் இதே விதி: காயவைத்து உள்ளே வை, வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடு.

கடைசியாக, ஒரு சீட்டு எழுதி அதோடு கட்டுங்கள். எந்த ஊர், யாருடையது, என்ன பெயர், எதற்கு உபயோகம், யார் சொன்னார்கள் என்று ஐந்தே வரி. வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். வைத்துக்கொள்ள இடமோ மனமோ இல்லையென்றால், எடைக்குப் போடுவதற்கு முன் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் ஒரு வார்த்தை கேட்கலாம். 1910-லிருந்து இருக்கும் நிறுவனம் அது. வளரிகளை அங்கே பார்க்கவும் செய்யலாம். வைத்துக்கொள்பவர்கள், வருகிற ஆயுத பூஜைக்குக் காரையும் லேப்டாப்பையும் துடைத்துப் பொட்டு வைக்கும்போது, அந்தச் சாக்கையும் ஒருமுறை கீழே இறக்கிப் பிரித்துப் பாருங்கள்.