டயல் பூட்டு

எங்கள் அடையாறு ஃப்ளாட்டில் சமைக்க வரும் அக்கா ஒருநாள் காலையில் வந்ததும் அடுப்பைப் பற்றவைக்காமல் போனை என்னிடம் நீட்டினார். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே பாக்கறீங்க? இத கொஞ்சம் பாருங்க."

திரை முழுக்க ஓர் அறிவிப்பு. தவணை பாக்கி இருக்கிறதாம். கீழே இரண்டே பொத்தான்கள்: ஒன்று பணம் கட்ட, இன்னொன்று அவசர அழைப்புக்கு. அதைத் தாண்டி எங்கே தொட்டாலும் ஒன்றும் நகரவில்லை. மகளின் படங்கள், கேஸ் புக் செய்யும் எண், பள்ளிக்கூட வாட்ஸப் குழு, சீட்டுக்காரம்மாவின் நம்பர் எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால். பன்னிரண்டு தவணையில் ஐந்து கட்டியாயிற்று. ஆறாவது ஒன்பது நாள் தாமதம். அவ்வளவுதான்.

"ரீசெட் பண்ணிடலாம்க்கா" என்று சவடாலாகச் சொன்னேன். பத்து வருஷம் சாஃப்ட்வேர் எழுதியவன் என்ற திமிர். அரை மணி நேரம் போராடிய பிறகு புரிந்தது, ரீசெட் செய்தாலும் முதல் இணைய இணைப்பிலேயே பூட்டு திரும்பி வந்துவிடும். என் ஆபீஸ் எனக்குக் கொடுத்திருக்கும் போனிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். போன் காணாமல் போனால் கம்பெனி தூரத்திலிருந்தே அதை முடக்க முடியும். ஆண்ட்ராய்டில் அந்த அதிகாரம் பெற்ற செயலிக்கு 'டிவைஸ் ஓனர்' என்று பெயர். கருவியின் உரிமையாளர். அக்காவின் போனில் அந்த இடத்தில் இருந்தது கடன் கொடுத்தவனின் செயலி.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மயிலாப்பூர் வீட்டுக் கறுப்பு போன்.

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பூட்டைத் தெரிந்திருக்கும். சுண்டுவிரல் அளவு. டயலின் ஓட்டையில் மாட்டிவிட்டால் டயல் சுற்றாது. அழைப்பு வந்தால் பேசலாம், நாம் யாரையும் கூப்பிட முடியாது. சாவி அப்பாவின் பூணூலில் தொங்கியது. எஸ்டிடி பில் வந்த மாதங்களில் பூட்டு கட்டாயம். ஆனால் அண்ணாவுக்கு ஒரு வித்தை தெரியும். ரிசீவர் வைக்கும் கொக்கியைத் தட்டித் தட்டியே நம்பர் போடுவான். நாலுக்கு நாலு தட்டு, சைபருக்குப் பத்து தட்டு. டயல் சுற்றும்போது எக்ஸ்சேஞ்சுக்குப் போவதும் அதே துண்டிப்புத் துடிப்புகள்தான் என்பதால் கம்பிக்கு வித்தியாசம் தெரியாது. நான் இன்ஜினியரிங் படித்ததற்குப் பாதிக் காரணம் அந்தத் தட்டல்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பூட்டு எங்களுடையது. போன் எங்களுடையது அல்ல. அது தொலைத்தொடர்புத் துறையின் சொத்து. இணைப்பைத் திருப்பிக் கொடுத்தால் கருவியும் போய்விடும். அதற்கே வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். வசதி உள்ளவர்களுக்கு 'ஓன் யுவர் டெலிபோன்' என்று ஒரு திட்டம். ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டினால் வரிசையில் முன்னால் போகலாம். 'உன் தொலைபேசியைச் சொந்தமாக்கிக்கொள்' என்று பெயர் வைத்துவிட்டுக் கருவியைத் துறையே வைத்துக்கொண்ட நகைச்சுவை உணர்வை மெச்சத்தான் வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த சி.எம்.ஸ்டீபன், தொலைபேசி ஓர் ஆடம்பரம், பிடிக்காதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம், வாங்கிக்கொள்ள வரிசை நிற்கிறது என்ற பொருளில் சொன்னதாக இன்றும் மேற்கோள் காட்டுவார்கள்.

அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் இதே கதைதான். ஏடி அண்ட் டி கொடுக்கும் போனைத் தவிர வேறு எதையும் அவர்கள் கம்பியில் இணைக்கக் கூடாது. டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர், எண்ணெய் வயல்களில் வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்களைத் தொலைபேசியோடு சேர்த்துவைக்க 'கார்ட்டர்ஃபோன்' என்று ஒரு கருவி செய்தார். கம்பெனி தடுத்தது. 1968இல் எஃப்சிசி கார்ட்டர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பின்னால் ஃபேக்ஸும் மோடமும் அமெரிக்க வீடுகளுக்குள் வந்ததற்கு அந்தத் தீர்ப்பு திறந்துவிட்ட கதவு முக்கியமான காரணம். ஆனால் கம்பியில்லா போன் வந்ததும் அதே நாடு அந்தக் கதவை மறுபடி சாத்திக்கொண்டது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

சென்னைக்கு செல்போன் வந்தது 1995இல். நான்கு பெருநகரங்களுக்கும் ஊருக்கு இரண்டு கம்பெனிகள் என்று உரிமம். நமக்குக் கிடைத்தவை ஸ்கைசெல், ஆர்பிஜி செல்லுலார். உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16.80 ரூபாய். நாம் கூப்பிட்டாலும் காசு, நம்மை யாராவது கூப்பிட்டாலும் காசு. போன் அடித்தால் எடுக்காமல் நம்பரைக் குறித்துக்கொண்டு பக்கத்து மஞ்சள் எஸ்டிடி பூத்துக்கு ஓடியவர்கள் உண்டு. மிஸ்டு கால் என்ற நாகரிகத்தின் விதை இங்கேதான் விழுந்தது.

போனுக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் பூட்டுப் போடவில்லை. ஜிஎஸ்எம் முறையில் சந்தா சிம்மில் இருக்கிறது, போனில் இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கம்பெனிகள் செய்தது என்ன? போன் விலையில் பெரும்பகுதியைத் தாங்களே கொடுத்துவிட்டு, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் ஆளைக் கட்டிப்போட்டு, மாத பில்லில் சிறுகச் சிறுக அதை வசூலித்தார்கள். நடுவில் ஓடிவிடாமல் இருக்க போனில் சிம் லாக், ஓடினால் அபராதம். இது நடக்க ஒரு விஷயம் வேண்டும். இந்த ஆள் இரண்டு வருஷம் பில் கட்டுவான் என்று நம்ப ஏதாவது ஆதாரம். நம்மிடம் அது இல்லை. சிபில் நிறுவப்பட்டதே 2000இல். இங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ப்ரீபெய்ட் ஆனார்கள். ரீசார்ஜ் தீர்ந்ததும் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறவனை எந்த ஒப்பந்தத்தால் கட்டுவது?

அதனால் சென்னையில் போன் ஒரு கடை, இணைப்பு ஒரு கடை என்று ஆனது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக உருவான பர்மா பஜாரில் சுங்கவரி கட்டாத நோக்கியாக்கள் கொட்டிக் கிடந்தன. பில்லும் கிடையாது, வாரண்டியும் கிடையாது, 'எந்த சிம் போட்டாலும் ஓடும் சார்' என்ற வாய்வார்த்தைதான் ஒப்பந்தம். 1997இல் சென்னையிலேயே தொடங்கிய யூனிவர்செல் போன்ற பல பிராண்டு கடைகள் பிறகு அதே வியாபாரத்தை ஏசி போட்டுச் செய்தன. நமக்குக் கிடைத்த சுதந்திரம் யாரும் போராடி வாங்கிக் கொடுத்தது அல்ல. நம்மை நம்பி யாரும் கடன் தரவில்லை, அதனால் யாரும் பூட்டவும் இல்லை.

முதல் பெரிய பூட்டு ஐநூற்றியொரு ரூபாய்க்கு வந்தது. ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 2003 மழைக்காலத்தில் அறிவித்த 'மான்சூன் ஹங்காமா'. முன்பணம் 501 ரூபாய், கையில் கலர் கலராய் ஒரு போன், மிச்சம் மாதாமாதம். போஸ்ட்கார்டை விட மலிவாகப் பேசலாம் என்பது திருபாய் அம்பானியின் கனவு என்று விளம்பரம். மலிவு என்னவோ உண்மை. நிமிடத்துக்கு 40 பைசா என்று அவர்கள் இறங்கியதும் மற்றவர்களும் இறங்க வேண்டி வந்தது. அதே வருஷம் இன்கமிங்கும் இலவசமானது. நம் தலைமுறையின் அப்பா அம்மாக்களில் பாதிப்பேர் கையில் செல்போன் வந்தது இந்த உலுக்கலில்தான், அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் அது சிடிஎம்ஏ. அங்கே விற்ற போன்களில் சிம் போடும் இடமே கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். போன் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கம்பெனியின் இன்னொரு போனை வாங்கலாம். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் போனைப் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளலாம். என் மேசை டிராயரில் அப்படி ஒன்று இன்னமும் கிடக்கிறது. பேட்டரி உப்பி, முதுகு திறந்து. சார்ஜ் ஏற்றினாலும் பேச அந்த நெட்வொர்க்கே இப்போது இல்லை.

அடுத்தது 2008 ஆகஸ்ட் 22. ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்த நாள். விற்றவர்கள் ஏர்டெல்லும் வோடஃபோனும். 8 ஜிபி 31,000 ரூபாய், 16 ஜிபி 36,100. அமெரிக்காவில் அதே 8 ஜிபி போன் 199 டாலர், அன்றைய மதிப்பில் ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. அங்கே விலை குறைவுக்குக் காரணம் இரண்டு வருஷ ஒப்பந்தம், பூட்டுக்கும் காரணம் அதுதான். அது ஒரு கணக்கு, ஒப்புக்கொள்ளலாம். இங்கே ஒப்பந்தம் கிடையாது, மானியம் கிடையாது, முழு விலையையும் நாமே கொடுக்கிறோம். ஆனாலும் போன் விற்ற கம்பெனியின் சிம்முக்கு மட்டும் பூட்டியே வந்தது. கடன் கொடுக்காமலே அடமானம் வாங்கிக்கொண்ட மாதிரி. இதில் இன்னொரு கூத்து, பெயரில் இருக்கும் 3ஜி அன்று சென்னையில் கிடையாது. பிஎஸ்என்எல் கொண்டுவந்தது 2009 பிப்ரவரியில். தனியார் கம்பெனிகளுக்கு அலைக்கற்றை ஏலமே 2010இல்தான்.

அப்போது நான் கிண்டியில் கல்லூரி மாணவன். முப்பத்தோராயிரம் ரூபாயைச் சேர்த்து ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஆனால் ரிட்சி தெருவுக்கு மட்டும் வாரம் ஒருமுறை போவோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு லேப்டாப், மூன்று கேபிள், ஒரு பையன். 'அன்லாக் பண்ணப்படும்' என்று பேனாவால் எழுதி ஒட்டியிருப்பான். துபாயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மாமாக்கள் கொண்டுவந்த பூட்டிய போன்களெல்லாம் அந்த மேசையில்தான் விடுதலை பெற்றன. டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டது என்றேனே, அது இதுதான்: 2013 ஜனவரியில் அமெரிக்கா, கம்பெனியின் அனுமதியில்லாமல் புது போனை அன்லாக் செய்வதைக் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாக்கியது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டு, 2014 ஆகஸ்டில் புதுச் சட்டம் வந்த பிறகே அது சரியானது. அந்த ஒன்றரை வருஷம் ரிட்சி தெருப் பையன் அமெரிக்காவில் இருந்திருந்தால் குற்றவாளி.

போன் திறந்தாலும் நம்பர் பூட்டியே இருந்தது. கம்பெனி மாறினால் நம்பர் போய்விடும். 2011 ஜனவரி 20இல் நாடு முழுக்க நம்பர் போர்ட்டபிலிட்டி வந்தது. 1900க்கு ஒரு எஸ்எம்எஸ், எட்டு எழுத்துக் குறியீடு, கிளம்பலாம். நல்ல விதி. அதில் இருந்த ஓட்டை ஏழு வருஷம் கழித்துத் தமிழ்நாட்டில்தான் தெரிந்தது.

ஏர்செல் நம்ம ஊர்க் கம்பெனி. சிவசங்கரன் தொடங்கியது, ஆர்பிஜியின் சென்னைச் சேவையையும் பின்னால் வாங்கியது, சிஎஸ்கே மஞ்சள் சட்டையின் நெஞ்சில் இருந்தது. 2018 பிப்ரவரியில் அதன் நெட்வொர்க் தமிழ்நாட்டில் விழுந்தது. அந்த மாதக் கடைசியில் திவால் மனு. வெளியேறலாம் என்றால் 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அதை அனுப்ப வேண்டியது செத்துக்கிடக்கும் அதே நெட்வொர்க்கிலிருந்து. சிக்னல் கிடைக்கும் இடம் தேடி அலைந்தவர்களும் கடை வாசலில் கூட்டமாக நின்றவர்களும் அந்த வாரச் செய்திகளை நிரப்பினார்கள். அப்போது நம்பர் என்பது பேச மட்டும் அல்ல. பேங்க் ஓடிபி, ஆதார், கேஸ் எல்லாம் அதற்குள். எழுதியவன் சாவி வைத்த இடம் பூட்டிய வீட்டுக்குள்ளேயே இருந்தது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான பிழைதான். ஆனால் நாம் செய்தால் ஒரு சர்வர் விழும். அங்கே கோடிக்கணக்கான நம்பர்கள்.

2017இன் ஜியோபோன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1,500 ரூபாய் திரும்பக் கிடைக்கும் டெபாசிட், ஜியோ சிம் மட்டும்தான் ஓடும். 501இன் பேரன்.

இப்போது உஸ்மான் ரோட்டுக்குப் போனால் 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பலகை இல்லாத போன் கடை இல்லை. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்குச் சொன்னது. பலகை மட்டும் வேறு வேறு பெயரில் தொடர்கிறது. இருபது வருஷத்துக்கு முன் நம்மை நம்பிக் கடன் தராதவர்கள் இப்போது அக்காவுக்கும் தருகிறார்கள். நம்பிக்கை வந்துவிட்டதா என்றால் இல்லை. நம்ப வேண்டிய தேவை போய்விட்டது. நகைக்கடனில் நகையை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்கள். இங்கே அடமானப் பொருளை நம் கையிலேயே கொடுத்துவிட்டு, ஸ்விட்சை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள். இப்படிப் பூட்டுவதை நிறுத்தும்படி 2024இல் சொன்ன ரிசர்வ் வங்கி, கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கலாமா என்று யோசிப்பதாக 2025இல் செய்தி வந்தது. கடன் கொடுத்தவனுக்கும் ஒரு நியாயம் உண்டு, தெரியும். ஆனால் பைக்கைத் தூக்கிக்கொண்டு போனால் நடந்தாவது வேலைக்குப் போகலாம். போனைப் பூட்டினால், தவணைக்குக் காசு புரட்ட யாரைக் கூப்பிட வேண்டுமோ அந்த நம்பரும் உள்ளே போய்விடுகிறது.

அன்று அதுதான் நடந்தது. "நான் கட்டிடறேன்க்கா" என்றேன். "வேணாம் தம்பி, சீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுக்கறேன்" என்றார். என் போனைக் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நம்பர் மனப்பாடமாகத் தெரியாது. மகளின் நம்பர் மட்டும் தெரியும். அவளோ கல்லூரியில், போனை அணைத்து வைத்திருந்தாள். அக்கா சமையலை முடித்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், சீட்டுக்காரம்மாவைத் தெருவில் பார்த்து வாங்கி, மகள் வந்த பிறகு அவள் போனிலிருந்து கட்டியிருக்கிறார். கட்டிய கொஞ்ச நேரத்தில் திரை தானாகவே திறந்துகொண்டதாம்.

மறுநாள் காலை வந்ததும் போனைத் திறந்து காட்டினார். முகப்பில் மகள் படம் இருந்தது. பிறகு மகளின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைப் பர்ஸிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். எட்டு நம்பர்கள், பேனாவில் எழுதியது. "இத உங்க வீட்லயும் ஒண்ணு ஒட்டி வெச்சுக்கறேன் தம்பி. இன்னும் ஆறு மாசம் இருக்கே."

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். ஆறாவது நம்பர் சீட்டுக்காரம்மா.