மறந்துபோச்சு என்றால் யார் நம்புவார்?

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹார்ட் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து, நீளமாக ஒரு பாஸ்வேர்டும் வைத்தேன். போன மாதம் அதைப் பரணிலிருந்து இறக்கி மாட்டினால், பாஸ்வேர்டு சுத்தமாக நினைவில் இல்லை. மூன்று ராத்திரி முட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்குப் போனது கொஞ்சம் பழைய போட்டோக்கள். இதையே போலீஸ் கேட்டு, நான் "மறந்துபோச்சு சார்" என்றிருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் பிரிட்டனின் ரிப்பா சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

1990களில் பிரிட்டிஷ் அரசு வேறு வழியைத்தான் யோசித்தது. சாவியின் நகலை முன்கூட்டியே மூன்றாம் ஆளிடம் கொடுத்து வைப்பது என்ற திட்டம் அது. எதிர்ப்பு வலுத்ததும் அதைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2000-ல் வந்தது ரிப்பா. அதன் 49-ம் பிரிவின்படி நோட்டீஸ் வந்தால், பூட்டிய தகவலைத் திறந்து கொடுக்க வேண்டும், அல்லது சாவியைக் கொடுக்க வேண்டும். மறுத்தால் 2 ஆண்டு வரை சிறை. தேசப் பாதுகாப்பு வழக்கு என்றால் 5 ஆண்டு. சட்டம் 2000-ல் நிறைவேறினாலும் இந்தப் பகுதி அமலுக்கு வந்தது 2007 அக்டோபரில்தான்.

சரி, மறதிக்கு என்ன பதில்? அது 53-ம் பிரிவில் இருக்கிறது. சாவி முன்பு உங்களிடம் இருந்தது என்று காட்டிவிட்டால், இப்போதும் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மசோதாவின் முதல் வடிவில், சாவி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான் இருந்தது. இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படிங்க நிரூபிப்பது? விவாதத்துக்குப் பிறகு அதை மாற்றினார்கள். மறந்துவிட்டேன் என்பதற்கு ஓரளவு ஆதாரம் காட்டினால் போதும்; அது பொய் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. இரண்டே வரித் திருத்தம்தான். ஆனால் என்னைப் போன்ற ஞாபகமறதிக்காரனுக்கு மொத்தச் சட்டத்திலும் அதுதான் பிடிமானம்.

அடுத்த கேள்வி, நமக்கு எதிராக நாமே சாட்சி சொல்வதாகாதா என்பது. 2008-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு பயங்கரவாத வழக்கில் இது வந்தது. பூட்டிய மேஜை டிராயரின் சாவி மாதிரிதான் இதுவும். சாவி அவருடைய விருப்பத்தைச் சாராமல் தனியாக இருக்கிறது என்றது நீதிமன்றம். கட்டாயப்படுத்தலாம் என்றே தீர்ப்பு வந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு உதைக்கிறது. டிராயர் சாவி தொலைந்தால் பூட்டை உடைக்கலாம். பாஸ்வேர்டு இருப்பது மண்டைக்குள். அங்கே சோதனை போட வாரண்ட் கிடையாது. குற்றவாளியும் மறதிக்காரனும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்.

இங்கிலாந்துக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். அதே 2000-ல் வந்த நம் ஐ.டி. சட்டத்தின் 69-ம் பிரிவில், தகவலைத் திறக்க உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை.

அந்த ஹார்ட் டிஸ்க் இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, பரணுக்கு அனுப்பவும் தைரியம் இல்லை.