பிரிஸ்டல் பேருந்துப் புறக்கணிப்பு (1963)

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கரீபியக் குடியேறிகள் முன்னின்று நடத்திய நிறவெறி எதிர்ப்புப் போராட்டம். நகரப் பேருந்துகளில் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ கறுப்பர், ஆசியர் எவரையும் பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனி சேர்க்கவில்லை. தொழிலாளருக்காக நிற்க வேண்டிய தொழிற்சங்கக் கிளையே 1955இல் இதற்குச் சாதகமாகத் தீர்மானம் போட்டிருந்தது பெருங்கொடுமை. ஜமைக்காவிலிருந்து வந்த கை பெய்லி என்ற இளைஞருக்குத் தொலைபேசியில் நேர்காணல் உறுதியானது. நேரில் போனதும், ஆள் கறுப்பர் என்று தெரிந்து, வேலை காலியில்லை எனத் திருப்பி அனுப்பினார்கள். இதை எதிர்த்து, கரீபியக் குடியேறிகளான ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி முதலானோர் செயற்பாட்டாளர் பால் ஸ்டீபன்சனுடன் சேர்ந்து ஏப்ரல் 30 முதல் பேருந்துகளைப் புறக்கணித்தனர். ஆகஸ்ட் 28இல் கம்பெனி பணிந்தது. செப்டம்பரில் முதல் வெள்ளையரல்லாத நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். ஆனால் இனப் பாகுபாட்டுக்கு எதிராக வந்த 1965ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் இனவுறவுச் சட்டம் வேலைவாய்ப்பைத் தொடவே இல்லை. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்துக்கு 1968 வரை காத்திருக்க நேர்ந்தது.